முதல் கையெழுத்து

மனோகருக்கு முதுகுவலி வந்து பதினோரு மாதம் ஆகிறது. இடுப்பில் பிறந்து, இடது தொடை வழியாக இறங்கி, கால் கட்டைவிரல் வரைக்கும் போய் வருகிற வலி. அது போய்வருகிற நேரத்தில் எதிரில் யார் நின்றாலும் திட்டு உண்டு. பெண்டாட்டி, மகள், பால்காரர், டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண், அவனுக்குப் பாரபட்சமே கிடையாது.

காலையில் எழுந்திருப்பது ஒரு பெரிய கச்சேரி. பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, நாலு தலைமுறையையும் வாய்க்குள் திட்டி முடித்தால்தான் கால் தரையில் படும். பேண்ட்டைப் படுத்தபடியே மாட்டிக்கொள்வான். சாக்ஸ் போடுவதை விட்டு நாலு மாதமாயிற்று. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, உயரமாக்கி, அதில்தான் உட்காருவான். மகள் ரஷ்மி அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தாள். அவன் காதில் விழாத தூரத்தில்தான் சொல்லுவாள்.

"ஆறின காபிய குடுக்கறதுக்கு இன்னாத்துக்கு ஒரு பொண்டாட்டி?"

"சூடா குடுத்தப்ப நாக்கு வெந்துபோச்சுன்னு கத்தினீங்க. இப்ப ஆறிப்போச்சுன்னு கத்தறீங்க. வலி உங்க முதுகுல கீதா, இல்ல வாயில கீதா?"

மமதா வாங்கிக்கொண்டு சும்மா போகிறவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் அவனோடு குடித்தனம் செய்தவள் வேறு எப்படி இருப்பாள்?

வைத்தியத்துக்கா பஞ்சம்? இந்த ஊரில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தெருவில் நின்றால் நாலு டாக்டர்கள் கூடிவிடுவார்கள். ஒருத்தர் புத்தூர் கட்டு என்றார். ஒருத்தர் நொச்சி இலை ஒத்தடம் என்றார். இன்னொருத்தர், ஆந்திரா பார்டரில் முதுகின் மேல் ஏறி மிதிக்கிற ஒருவர் இருக்கிறார், ஒரே மிதி, ஓடி வந்துவிடலாம் என்றார். அப்படி மிதி வாங்கியவரை மனோகருக்குத் தெரியும். அவர் கம்பு ஊன்றி நடக்கிறார். மனோகர் பெல்ட் வாங்கிக் கட்டினான், வியர்வையில் இடுப்பைச் சுற்றி அரிப்பு வந்ததுதான் மிச்சம். முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டான். மூன்று வாரம் மனுஷனாக இருந்தான். நாலாவது வாரம் வலி திரும்பி வந்தது, வாயும் திரும்பி வந்தது.

கடைசியில் கோலாரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த சர்ஜன் நேர்மையானவர்.

"டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துது. ஆனா கால்ல பலம் குறையல. ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல கஷ்டம் இல்ல. அதனால அவசரம் இல்ல. ஆறு மாசம் கனம் தூக்காம, ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணுங்க. நிறைய பேருக்கு அதுலயே அடங்கிடும். அடங்கலன்னா ஆபரேஷன் இருக்கவே இருக்கு. இல்ல, இப்பவே பண்ணணும்னாலும் பண்றேன். கால் வலி குறையும். இடுப்பு வலிக்கு நான் கியாரண்டி குடுக்க மாட்டேன்."

இவ்வளவு சொன்ன பிறகு எந்த மனுஷனாவது கத்தியைத் தேடிப் போவானா? மனோகர் போனான். அடுத்த திங்கட்கிழமைக்கே தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"வேணாம்னு டாக்டரே சொல்றாரு. உங்களுக்கு இன்னா அவசரம்?" என்றாள் மமதா.

"ஆறு மாசம் லைட் டூட்டி வாங்கிகினு உக்காந்தா எவன் நம்புவான்? வெட்டி தையல் போட்டுகினு போனா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

ஆக, அவன் தேதி வாங்கியது முதுகுக்காக இல்லை. ஃபாக்டரியில் இருக்கிற பதினைந்து வாய்களுக்காக.

அந்த ஃபாக்டரி, பழைய பாலகாட் தங்கச் சுரங்கத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. மண் அள்ளுகிற ராட்சச வண்டிகளுக்கு கியர் பெட்டி பூட்டுகிற வேலை. பதினாறு பேர் ஒரு குரூப். மாதம் எத்தனை பெட்டி முடிகிறதோ அதற்குத் தகுந்தபடி இன்சென்டிவ், அதுவும் குரூப்புக்கே மொத்தமாக வரும். ஒருத்தன் லைட் டூட்டி சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அவன் தூக்க வேண்டிய இரும்பை மற்றவர்கள் தூக்க வேண்டும், இன்சென்டிவில் மட்டும் அவனுக்கும் பங்கு. கை உடைந்தவனை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. முதுகுவலிக்காரன் எதைக் காட்டுவான்? சட்டையைத் தூக்கினால் எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ஒரு முதுகுதான் இருக்கும்.

இதை மனோகருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே குரூப்பில் பிரதாப் என்று ஒருத்தன் இருந்தான். மனோகரும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், மச்சான் மச்சான் என்று ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுத் தின்றவர்கள். பிரதாப்புக்கு முதுகுவலி வந்து லைட் டூட்டி கேட்டான். அந்த மாதம் இன்சென்டிவ் படுத்துவிட்டது. மனோகருக்கு வந்ததே கோபம்! பிரதாப் நடக்கிற மாதிரி கேன்டீனில் நடந்து காட்டினான். இடது கை இடுப்பில், வலது காலை இழுத்து இழுத்து, முகத்தைக் கோணிக்கொண்டு வருவான். "டீ வந்திருச்சு" என்று யாராவது கத்தினால் உடனே நிமிர்ந்து ஒரே ஓட்டமாக ஓடுவான். கேன்டீனே குலுங்கும். அதோடு விட்டானா? லெட்டரும் எழுதினான்.

கர்நாடகத்து ஃபாக்டரி என்பதால் மேலே போகிற லெட்டர் கன்னடத்தில் இருக்க வேண்டும், அதனால் குரூப்பிலிருந்து எந்த லெட்டர் போனாலும் மனோகர் கைதான். மற்றவர்கள் எல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கன்னடம் தண்ணீராகப் பேசுவார்கள், எழுதச் சொன்னால் பேனாவைத் தூர வைத்துவிடுவார்கள். மனோகர் ஒருத்தன்தான் கன்னட மீடியம். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். பிரதாப் நடிக்கிறான், அவனுக்கு லைட் டூட்டி கொடுக்கக்கூடாது என்று அவன் எழுதிய லெட்டரில் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து மனோகருடையது. லைட் டூட்டி கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் பிரதாப் முதுகை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவனை டூல் ஸ்டோரில் உட்கார்த்தினார்கள். ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மனோகருக்கு ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட வேறு ஆளை அனுப்பித்தான் வாங்குவான்.

இப்போது கேன்டீனில் நடந்து காட்டுவது பாபு. மனோகருக்குப் பத்து வயது இளையவன், குரூப்பின் புது நாட்டாமை. அன்று வியாழக்கிழமை மனோகர் உள்ளே நுழையும்போது பாபு இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலது காலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"டீ வந்திருச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

பாபு நிமிர்ந்து ஓடினான். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மனோகருக்கு வலிப்பது இடது கால். பாபு இழுத்தது வலது கால். அட படுபாவி, என் நாடகத்தையே எனக்குப் போட்டுக் காட்டுகிறானே, அதையும் மாற்றாமல் அப்படியே போடுகிறானே என்று மனோகர் உள்ளுக்குள் கறுவினான்.

"இன்னா மனோகரண்ணா, சிரிக்க மாட்டியா? நீ சொல்லிக் குடுத்ததுதான?" என்றான் பாபு.

"திங்கக்கெழம பாருடா. வெட்டிகினு வந்து உன் மூஞ்சி முன்னாடி சட்டையத் தூக்கிக் காட்றேன்."

"காட்டு, காட்டு. அதுவரைக்கும் ஆக்ட் பண்ணு."

அன்று வீட்டுக்கு வந்ததும் மனோகர் ஆஸ்பத்திரி ஃபாரத்தை மமதாவிடம் நீட்டினான். பெண்டாட்டி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஃபாரத்தை வாங்கி, மடித்து, அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தாள்.

"போட மாட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"வெட்டிகினவரு ஒருத்தரு இந்த ஊர்லயே கீறாரு இல்ல? அவரப் போய் கேட்டுகினு வாங்க. அவரு வெட்டிக்கோன்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

"அவன் மூஞ்சில முழிக்கறதுக்கு பதிலா நான் செத்துப் போவேன்!"

"சாவறதுன்னாலும் கேட்டுட்டு சாவுங்க. டப்பாவ நீங்களே தூக்கி ஃபாரத்த எடுத்துக்கலாம். முடிஞ்சா எடுங்க."

டப்பாவில் இருபது கிலோ அரிசி இருந்தது. மனோகர் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். கதவை அறைந்ததில் முதுகில் மின்னல் வெட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ வைத்துக்கொண்டு மாரிகுப்பம் போனான். வழியெல்லாம் குழி. குழிக்கு ஒரு வசவு என்று டிரைவருக்குக் கொடுத்துக்கொண்டே போனான். ஸ்டேஷனைத் தாண்டி மூன்றாவது சந்தில் பிரதாப் வீடு. கதவைத் திறந்தது பிரதாப்பின் மனைவி லூயிசா. ஒரு காலத்தில் இவன் வந்தால் "வாங்கண்ணா" என்று ஓடி வருகிறவள். இன்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அந்த ஆளு வந்துகீறான்" என்றாள்.

பிரதாப் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மனோகருக்கு அதைப் பார்த்ததும் என்னவோ போலாகிவிட்டது. கூடத்தில் வேறு இருந்தது ஒரே ஒரு பழைய சோபா. ஸ்பிரிங் செத்து, நடுவில் பள்ளம் விழுந்து, தரையோடு தரையாக இருந்தது.

"உக்காரு" என்று பிரதாப் சோபாவைக் காட்டினான்.

முதுகுவலிக்காரனுக்கு அந்த சோபா எமன் என்பது பிரதாப்புக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காட்டினான். நிற்கிறேன் என்று சொல்ல மனோகருக்கு ரோஷம் விடவில்லை. உட்கார்ந்தான். இடுப்பு பள்ளத்துக்குள் இறங்க, முழங்கால் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"வலிக்குதா?" என்றான் பிரதாப்.

"ம்."

"ஆக்ட் பண்ணாத."

உள்ளே லூயிசா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மனோகர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னான். நாளைக்கு ஆபரேஷன், டாக்டர் இப்படிச் சொன்னார், நீ வெட்டிக்கொண்டவன், உனக்கு எப்படி இருக்கிறது, அதைக் கேட்டுப் போகத்தான் வந்தேன் என்றான்.

"கால் வலி போச்சு. இடுப்பு அப்படியேதான் கீது. மழ வந்தா உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்றான் பிரதாப். "எனக்கும் டாக்டரு ஆறு மாசம் பொறுன்னுதான் சொன்னாரு. எக்சர்சைஸ் பண்ணு, கனம் தூக்காதன்னாரு. நான் பொறுத்துக்கறதுக்கு தயாராத்தான் இருந்தேன். லைட் டூட்டி கேட்டேன். நீ லெட்டர் எழுதின. லைட் டூட்டி போச்சு. ரெண்டு மாசம் இரும்பு தூக்கினேன். நீ கேன்டீன்ல நடந்து காட்டின. என் பையனும் உன் பொண்ணும் ஸ்கூல்ல ஒரே கிளாஸ். அவளும் அங்க நடந்து காட்டினா, தெரியுமா உனக்கு?"

மனோகருக்குத் தெரியாது.

"அதனால போய் வெட்டிகினேன். வலிக்காக வெட்டிக்கல. நான் பொய் சொல்லலன்னு காட்டறதுக்கு வெட்டிகினேன். நீயும் அதுக்குத்தான வெட்டிக்கப் போற?"

ஆமாம் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

பிரதாப் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் மடியில் போட்டான். "பாபு நேத்து எனக்கு ஒரு காப்பி குடுத்துட்டுப் போனான். ஆபரேஷன்னு சொல்லி நீ லைட் டூட்டி கேப்பன்னு, முந்திகினு நாளைக்குக் காலையில ஆபீஸ்ல மேடம் கிட்ட குடுக்கப் போறாங்க. முதுகு ஆபரேஷன் ஆனவன் நானும் போட்டா லெட்டருக்கு வெயிட்டாம்."

மனோகர் தாளைப் பார்த்தான். கன்னடம், முத்துமுத்தான கையெழுத்து, அவனுடைய கையெழுத்து. ஆறு வருடத்துக்கு முன் எழுதிய அதே லெட்டர். மனோகர் மேல் புகார் எழுத வேண்டும், குரூப்பில் எழுதத் தெரிந்தவன் மனோகர் ஒருத்தன்தான், அவனையே எழுதச் சொல்ல முடியுமா? பாபு ஒரு காரியம் செய்திருந்தான். குரூப் பீரோவில் கிடந்த பழைய லெட்டரின் நகலை எடுத்து, ஃபாக்டரி பெயர்ப் பலகையில் இருக்கிற எழுத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பிரதாப் என்ற பெயர் வருகிற இடத்திலெல்லாம் ஒயிட்னர் தடவி, அதன்மேல் கோணல்மாணலாக மனோகர் என்று வரைந்து, கீழே இருந்த கையெழுத்துகளைத் தாள் வைத்து மறைத்து ஜெராக்ஸ் போட்டுவிட்டான்.

"படி" என்றான் பிரதாப். "தமிழ்ல சொல்லு. எனக்குக் கன்னடம் படிக்க வராது."

"இவர் வேலை என்றால் முதுகைப் பிடிக்கிறார், டீ என்றால் ஓடி வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் இவர் நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நாங்கள் நேரில் பார்த்தோம்..." மனோகருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நிறுத்து. அந்த சிலிண்டர் இன்னா கலரு?"

"பிரதாப்பு..."

"ஆறு வருஷமா கேக்கணும்னு கீறேன். நேர்ல பாத்த இல்ல? கலரு சொல்லு."

"நான் பாக்கல. லெட்டர் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு எழுதினேன்."

பிரதாப்பின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அடிக்கப் போகிறான் என்றே மனோகர் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"கீழ பாரு" என்றான் பிரதாப்.

மனோகர் தாளின் அடியைப் பார்த்தான். 'இப்படிக்கு' என்ற வரியை ஒட்டியே முதல் கையெழுத்தைப் போட்டிருந்ததால் அது மட்டும் பாபுவின் தாளுக்குத் தப்பிவிட்டது. மனோகர் என்று முழுப்பெயரையும் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவனுக்கு. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அதுவும் லெட்டரில் ஒரு வரி மாதிரிதான் தெரியும். மனோகர் நடிக்கிறான் என்கிற லெட்டரில் முதல் ஆளாக மனோகரே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"பாபுவுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. படிக்க வராட்டியும் அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம்" என்றான் பிரதாப். "நான் இதுல போட மாட்டேன். உனக்குப் பாவம் பாத்துன்னு நெனச்சுக்காத. உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து வராது. அவ்ளோதான். எழுந்து போ."

எழுந்து போவதாவது! மனோகர் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தான், முன்னால் சாய்ந்து பார்த்தான். சோபா விடவில்லை. பிரதாப் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கை கொடுக்கவில்லை. கடைசியில் மனோகர் தரையில் சரிந்து, நாலு காலில் தவழ்ந்து, கதவு நிலையைப் பிடித்து எழுந்தான். லூயிசா சமையலறை வாசலில் நின்று முழுசாகப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மமதா கேட்டாள். "இன்னா சொன்னாரு? ஃபாரத்த எடுக்கட்டுமா?"

"வேணாம்."

"ஆபரேஷன் வேணாம்னாரா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, ஆறு மாசம் கழிச்சிப் பாக்கலாம்னு சொல்லிடு." அப்புறம் மகள் இருக்கிற அறையை ஒரு பார்வை பார்த்தான். திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை. அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில், யாருக்கு எந்த டூட்டி என்று முடிவு செய்கிற அதிகாரி நேத்ரா மேடம் முன்னால் ஒரு பக்கம் மனோகர், மறுபக்கம் பாபுவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். மேடம் இங்கே வந்து இரண்டு வருடம்தான். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு கையில், ஸ்கேன் எடுத்த அன்றே டாக்டர் மனோகருக்கு எழுதிக் கொடுத்திருந்த லைட் டூட்டி சிபாரிசு, மறு கையில் குரூப் கொடுத்த லெட்டர். கன்னடத்தில் கேட்டார்.

"சிலிண்டர் தூக்கினதை யார் பார்த்தது?"

"நான்தான் மேடம். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான் பாபு.

"நிஜமாகவா?"

"சாமி சத்தியமா மேடம். சிவப்பு சிலிண்டர். தோள்ல வெச்சிகினு விசிலடிச்சிகினே போனாரு."

மனோகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டே அவன் உண்டாக்கிய சிலிண்டர் அது. அதற்கு இவன் நிறம் கொடுக்கிறான், விசில் வேறு சேர்க்கிறான்! ஒரு நொடி அவனுக்குப் பாபுவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடி, ஆறு வருடத்துக்கு முன் இதே இடத்தில் பிரதாப் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது. வெட்கம் காதுமடல் வரைக்கும் ஏறியது.

"மேடம், 'இப்படிக்கு'ன்றதுக்குக் கீழ கீற மொத வரியப் படிங்க. அது யார் கையெழுத்து?" என்றான்.

மேடம் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "மனோகர்... நீங்களா?" வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "உங்க மேல நீங்களே புகார் கொடுத்திருக்கீங்களா?"

பாபு எட்டிப் பார்த்தான். படிக்கத் தெரியாமல் முழித்தான். பக்கத்தில் நின்றவன் காதில் ஏதோ சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது.

"இந்த மாதிரி விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம்" என்று மேடம் தாளைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனார். "உங்களுக்கு ஆறு மாசம் லைட் டூட்டி. டூல் ஸ்டோர்ல ஒரு ஆள் தேவை. அங்க போங்க மனோகர்."

ஆயிற்று, ஜெயித்தாயிற்று. சீட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தால் கதை முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் போயிருப்பான். மனோகரும் கதவு வரைக்கும் போனான். சீட்டில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தான். டூல் ஸ்டோர். அங்கே இரண்டு நாற்காலியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் முகம் ஞாபகம் வந்தது. திரும்பினான்.

"மேடம், அந்த லெட்டர போடாதீங்க. அது நான் எழுதினது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, பிரதாப் மேல. அந்த சிலிண்டரே இல்ல. நான் கத கட்டினது. அதனாலதான் அவருக்கு லைட் டூட்டி குடுக்கல."

மேடத்தின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"மெமோ வரும். விசாரணை வரும். புரியுதா?"

"புரியுது மேடம்."

குனிய முடியாததால் பீரோவின் மேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதினான். கையெழுத்து எப்போதும்போல முத்துமுத்தாகத்தான் வந்தது. கீழே தன் பெயர் ஒன்றை மட்டும் எழுதினான். ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டான். வெளியே வந்ததும் பாபு வழியை மறித்தான்.

"உனக்கு இன்னா, மூள கொழம்பிப் போச்சா? சீட்டு கையில வந்திருச்சு இல்ல? வாய மூடிகினு போவ வேண்டியதுதான?"

"தள்ளுடா" என்றான் மனோகர். "வலிக்கறது எனக்கு இடது காலு. அடுத்த வாட்டி இடது கால இழு."

டூல் ஸ்டோர் கவுன்டரில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கம்பி வலைக்குப் பின்னால் பிரதாப் உயரமாக உட்கார்ந்திருந்தான். மனோகர் சீட்டை நீட்டினான். பிரதாப் அதைப் பார்த்தான், மனோகரைப் பார்த்தான்.

"இங்க கீறது இந்த ரெண்டு நாற்காலிதான். ரெண்டும் எனக்கு வேணும்."

"நிக்கறேன்."

மனோகர் ஜெராக்ஸைக் கம்பி வலைக்கு அடியில் தள்ளினான். பிரதாப் எடுத்துப் பார்த்தான். கன்னடம். எழுத்து புரியவில்லை, கீழே இருந்த பெயர் மட்டும் புரிந்தது. தாளைத் திரும்பத் தள்ளிவிட்டான்.

"எனக்குப் படிக்க வராதுன்னு தெரியும் இல்ல? நீ படி. தமிழ்ல படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் பழைய லெட்டரில் கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மனோகர் வலது கையால் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு படித்தான். பிரதாப் நடிக்கவில்லை என்று படித்தான். சிலிண்டரை யாரும் தூக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று படித்தான். அந்தப் பொய்யை எழுதியது நான், அதில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான் என்று படித்தான். தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தான்.

பிரதாப் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இத அன்னிக்கே எழுதியிருந்தின்னா என் முதுகு முழுசா இருந்திருக்கும்" என்றான்.

அப்புறம் வரிசையில் முதலில் நின்றவனைப் பார்த்து, "உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டான்.